வறுமையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள், முதல்முறையாகக் கிராமத்துப் பள்ளிக்கு வேலைக்குப் போகும் இளம் ஆசிரியர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. திட்டங்களின் தொகையும் விதியும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில்தான் எல்லாமே இலவசமாயிற்றே, அப்புறம் வறுமை எப்படிப் படிப்பைத் தடுக்கும்?

ஃபீஸ் கிடையாது என்பது உண்மை. பாடப்புத்தகம், நோட்டு, புத்தகப்பை, காலணி எல்லாம் கிடைக்கின்றன. சத்துணவில் பெயர் கொடுத்த எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை உண்டு. அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம். பதினோராம் வகுப்பில் சைக்கிள் தருகிறார்கள். இதையெல்லாம் நான் கொஞ்சமும் குறைத்து மதிப்பிடவில்லை. இவை இல்லாத காலத்தில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் மாடு மேய்த்தார்கள் என்பது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதால் வீட்டுக்கு ஆகும் செலவு ஃபீஸோடு முடிவதில்லை. அம்மா களையெடுக்கப் போகும் நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடத்தோடு நிற்க ஆள் வேண்டும். வசதியான வீடு இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளும். இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நின்றுகொள்ளும். அரசு கொடுக்கும் எந்தப் பொருளும் அந்த ஒரு நாளைத் திருப்பித் தருவதில்லை. வறுமை படிப்பில் கைவைப்பது பெரும்பாலும் இப்படித்தான், வராமல் போன நாட்கள் வழியாக. கீழே பல பதில்களில் வருகைப் பதிவேட்டைப் பற்றியே பேசுகிறேன் என்றால் காரணம் அதுதான்.

ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது எப்படி நடக்கிறது? ஒரே நாளில் முடிவெடுக்கிறார்களா?

ஒரே நாளில் எடுப்பவர்கள் மிகக் குறைவு. அப்பா இறந்துபோவது, விபத்து, கடன்காரன் வாசலில் வந்து உட்காருவது போன்ற நேரங்களில் அப்படி நடக்கும். மற்றபடி அது மாதக்கணக்கில் நடக்கிற காரியம்.

முதலில் வாரத்துக்கு ஒரு நாள் வராது. அந்த ஒரு நாளில் பின்னக் கழித்தல் நடத்தியிருப்பார்கள். மறுநாள் வந்து உட்கார்ந்தால் கரும்பலகையில் இருப்பது புரியாது. புரியவில்லை என்று கைதூக்கிக் கேட்க வெட்கம். வீட்டில் கேட்டுச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தெரியாது. டியூஷனுக்குக் காசு இல்லை. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், வராமல் போன மூன்று பேருக்காக ஆசிரியர் பாடத்தை மறுபடி நடத்துவது எல்லா நாளும் முடிகிற காரியமில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள் வராது. மாதத் தேர்வில் மதிப்பெண் குறையும். எழுதிக்கொண்டு வரச் சொன்னதை எழுதவில்லை என்று ஏதாவது ஒரு ஆசிரியர் கடிந்துகொள்வார். பிள்ளை தானாகவே 'எனக்குப் படிப்பு வரல' என்று சொல்ல ஆரம்பிக்கும். வீட்டிலும் அதையே நம்பிவிடுவார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக் கடையிலோ, துணிக்கடையிலோ, பேப்பர் கப் கம்பெனியிலோ வேலை என்று யாராவது சொன்னால், அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் இழக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

வீட்டில் பணக்கஷ்டம் என்பது தொடக்கம். பாடம் புரியாமல் போனது இடைநிலை. வேலை கிடைத்தது கடைசிப் படி. விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியை மட்டும் பார்த்து, 'பையனுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பசிக்கும் படிப்புக்கும் உண்மையில் எவ்வளவு தொடர்பு?

காலை பத்து மணிக்குத் தலையை மேஜையில் சாய்த்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்த எந்த ஆசிரியரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகள் பெரும்பாலும் முந்தின இரவிலிருந்து சரியாகச் சாப்பிடாதவர்கள்.

இதைத் தமிழ்நாடு சீக்கிரமே புரிந்துகொண்டது. நீதிக்கட்சி காலத்தில், 1920-ல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகளில் ஆரம்பித்தது, 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. அதன் பிறகு 2024-ல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025-ல் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

விடியற்காலை நாலு மணிக்குப் பூப்பறிக்கவோ, ஆறு மணிக்குக் கட்டட வேலைக்கோ போகும் அம்மாவின் வீட்டில் எட்டு மணிக்கு அடுப்பு எரியாது. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் பள்ளியில் கிடைக்கும் என்றால் அந்தப் பிள்ளை நேரத்துக்கு வந்துவிடும். முதல் இரண்டு பாடவேளை அதற்குக் கிடைக்கும். பெரும்பாலான பள்ளிகளில் கணக்கும் தமிழும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும்படி அமைந்த திட்டம். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதுக்குப் போகும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு போய்விடுகிறது, பள்ளியின் தூரமும் கூடிவிடுகிறது. பதினோரு வயதில் பசி குறைவதில்லை. எட்டாவது வரையாவது இதை நீட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, இரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வாங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று. சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னிலையில் விழுங்கவைப்பது நல்லது.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் என்னை அதிகம் வருத்தும் கேள்வி இது.

திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு பொங்கலை ஒட்டிச் சூளைக்குக் கிளம்புகின்றன. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளில் வேலை மழைக்காலத்துக்கு முன்புவரை நடக்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆயிரம் கல்லை அறுப்பதற்கு இரண்டு கை போதாது. அதனால் மண்ணைக் குழைக்க, கல்லைப் புரட்டிப்போட, அடுக்கப் பிள்ளைகளின் கையும் சேர்கிறது. கணக்கில் அவர்கள் பெயர் இருக்காது.

பள்ளிப் பதிவேட்டில் இந்தப் பிள்ளை ஜூன் முதல் டிசம்பர் வரை ஒழுங்காக வந்திருக்கும். ஜனவரியிலிருந்து காணோம். மூன்றாம் பருவத்துப் பாடம் முழுக்கப் போய்விடும். ஜூனில் திரும்பி வந்தால் அடுத்த வகுப்பில் உட்காரவைப்பார்கள். எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கக் கூடாது என்பது நல்ல விதிதான். ஆனால் விட்டுப்போன பாடத்தை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால், ஒவ்வொரு ஆண்டும் பாதிப் படிப்போடு எட்டாவது வரை நகர்ந்து, ஒன்பதாவதில் அந்தப் பிள்ளை நின்றுவிடும்.

செய்யக்கூடியவை உண்டு. குடும்பம் கிளம்புகிறது என்று தெரிந்தவுடன், டிசம்பரிலேயே, பிள்ளையை அரசு விடுதியில் சேர்க்க முடியுமா என்று ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) பேச வேண்டும். முடியாவிட்டால், போகிற ஊரில் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எண் ஒன்றே போதும். பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி எமிஸ் பொதுத் தொகுப்பில் விட்டால் புதிய பள்ளி எடுத்துக்கொள்ளலாம். இந்த வேலைக்குக் கணினியில் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் யாராவது ஒருவர் அந்தக் குடும்பம் எங்கே போகிறது என்று கேட்டு வைத்திருக்க வேண்டும்.

ஒடிசாவிலிருந்து சூளைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமை இருக்கிறது. தமிழ் தெரியாது என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது.

முன்பணத்தைக் காட்டிக் குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976-ன் சட்டப்படி குற்றம். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் செய்யலாம்.

எந்த வகுப்பில் பிள்ளைகள் அதிகமாக நிற்கிறார்கள்?

பள்ளி மாறும் இடங்களில். ஐந்திலிருந்து ஆறு, எட்டிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பதினொன்று. ஊருக்குள் தொடக்கப்பள்ளி இருக்கும். நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி. உயர்நிலைப்பள்ளிக்கு இன்னும் தூரம். பேருந்து இலவசம்தான், ஆனால் காலை ஏழரை பஸ்ஸை விட்டால் அடுத்தது பதினொன்றரைக்கு என்றால் இலவசத்தால் என்ன பயன்? ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் அந்தியூர் பர்கூர் மலையிலும் பஸ்ஸே போகாத ஊர்கள் இருக்கின்றன.

எட்டாவதுக்குப் பிறகு இன்னொரு சிக்கல் சேர்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. ஒன்பதாவதுக்குப் போகும் பிள்ளை சட்டத்தின் கையை விட்டு வெளியே வருகிற அதே நேரத்தில், வேலை கொடுக்கிறவனின் கண்ணுக்கு வளர்ந்த ஆளாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக என்ன தடை?

முதல் தடை வீட்டு வேலை, தம்பி தங்கை. இரண்டாவது, வயதுக்கு வந்த பிறகு தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப் பயம். பயம் தேவையற்றது என்று பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் தனியாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய பாதை என்றால் யாருக்கும் பயம் வரும். மூன்றாவது, கழிப்பறை. தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை இருக்கும் பள்ளியில் மாதத்தில் மூன்று நாள் பெண் பிள்ளைகளின் வருகை குறையும். தமிழ்நாட்டில் 2012 முதல் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கிறார்கள். அதை மாற்றிக்கொள்ள ஒரு சுத்தமான இடம் இல்லாவிட்டால் அது பையிலேயே இருக்கும்.

பத்தாவது முடிந்ததும் கல்யாணப் பேச்சு வரும். அல்லது நூற்பாலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வருவார். மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லித் திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கத்து ஆலை விடுதிகளுக்குப் பெண்களைக் கூட்டிப்போன 'சுமங்கலித் திட்டம்' எத்தனை பேரின் படிப்பை விழுங்கியது என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள்.

இதற்கு எதிராகப் பெற்றோரிடம் பேச இன்று கையில் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் தொடங்கினார்கள். முன்பு திருமண உதவியாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்கு வந்தது பெரிய மாற்றம். 2024-ல் ஆண் பிள்ளைகளுக்கும் இதேபோலத் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது.

18 வயதுக்கு முன் கல்யாணம் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

பிள்ளை லீவு நாளில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் தப்பா?

14 வயதுக்குக் கீழே எந்த நிறுவனத்திலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு நிலை இதுதான். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவலாம் என்று சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அந்த விதிவிலக்கைச் சாக்காகக் காட்டித்தான் பீடி சுற்றலும் நெசவும் வீட்டுக்குள் தொடர்கின்றன.

சட்டத்தைத் தாண்டி ஒன்று. கோடை விடுமுறையில் கையில் காசு பார்த்த பதினைந்து வயதுப் பையன் ஜூனில் திரும்பி வருவது கஷ்டம். வீட்டுக்கு அந்தப் பணம் பழகிவிடும், அவனுக்கும் பழகிவிடும். ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களின் வருகையைப் பள்ளி உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

சாதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நிலம் இல்லாத, கூலியை மட்டும் நம்பிய குடும்பங்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மிக அதிகம். அவர்களின் பிள்ளைகளுக்கு வறுமையோடு அவமானமும் சேர்கிறது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் கையில் கட்டும் கயிறும் நெற்றிப் பொட்டும் சாதி அடையாளமாக மாறியிருப்பதை அது பேசியது. கழிப்பறையைச் சுத்தம் செய்ய எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்று உங்கள் பள்ளியில் கவனித்துப் பாருங்கள். எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

சாதிச் சான்றிதழ் இல்லாமல் படிப்பு நிற்குமா?

பத்தாவது வரை நிற்காது. அதற்குப் பிறகு உதவித்தொகை, விடுதி, கல்லூரி இட ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். காட்டுநாயக்கன், மலைக்குறவன், கொண்டாரெட்டி போன்ற பழங்குடிச் சமூகங்களில் தலைமுறை தலைமுறையாகச் சான்றிதழுக்கு அலைகிறார்கள். அப்பாவுக்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குக் கொடு என்கிறார்கள். அப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்? நன்றாகப் படிக்கும் பிள்ளை பிளஸ் டூவோடு கூலி வேலைக்குப் போகும் கொடுமை இதனால் நடக்கிறது. நரிக்குறவர் சமூகம் நீண்ட போராட்டத்துக்குப் பின் நாடாளுமன்றச் சட்டத்தால் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது. மற்றவர்கள் ஆறாம் வகுப்பிலேயே கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பத்தாவது முடித்து அலைந்தால் நேரம் போதாது.

கடன் வாங்கியாவது தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பது நல்லதா?

பிள்ளை நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில் கேட்கிறீர்கள். அதற்காகவே நேராகச் சொல்கிறேன்: கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

எல்.கே.ஜி.யில் கட்ட முடிகிற ஃபீஸ் நாலாவதில் இரண்டு மடங்காகும். வேன் கட்டணம் தனி. மகளிர் குழுக் கடனில் ஆரம்பித்து வட்டிக்கு வாங்குவதில் முடியும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பையனை அங்கேயும் பெண்ணை அரசுப் பள்ளியிலும் போடுவார்கள். அந்த வேற்றுமை பெண்ணின் மனதில் தங்கிவிடும். ஒரு கட்டத்தில் பாதி ஆண்டில் பிள்ளையை வெளியே எடுக்க நேரும். அப்போது இழப்பது அந்த ஆண்டை மட்டுமில்லை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி கூட இதில் சேராது. 2020-ல் இந்தச் சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாகச் சுமார் 400 அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இடம் பெற்றார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது.

தனியார் பள்ளியில்தான் படிக்கவைக்க வேண்டும் என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பியுங்கள். நுழைவு வகுப்பில் மட்டும்தான் அதில் சேர முடியும்.

பழைய பள்ளி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தரமாட்டேன் என்கிறது, ஃபீஸ் பாக்கியாம். பிறப்புச் சான்றிதழும் இல்லை. அரசுப் பள்ளியில் சேர்ப்பார்களா?

சேர்த்தாக வேண்டும். டி.சி. இல்லை என்று சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ, வயதுச் சான்று இல்லை என்று மறுக்கவோ கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. ஃபீஸ் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்த வயதில் வந்தாலும் அந்த வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைச் சிறப்புப் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும். ஹெச்.எம். தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழையுங்கள்.

என்னென்ன பண உதவிகள் இருக்கின்றன? பல பேருக்குத் தெரியாமலே போகிறதே?

தெரியாமல் போவது உண்மை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

எட்டாவது படிக்கும்போது என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாவது விடுமுறையிலிருந்தே தயார்செய்யும் பள்ளிகளில் நிறையப் பேர் தேறுகிறார்கள். கவனிக்காத பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் ஒருவர் கூட இல்லை. இது ஆசிரியர் கையில் இருக்கும் பணம் என்றே நான் சொல்வேன்.

பத்து, பதினொன்றாம் வகுப்பில் தலா 1,500, பன்னிரண்டில் 2,000 என இடைநிற்றலைத் தடுக்க ஒரு சிறப்பு ஊக்கத்தொகை உண்டு. சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அந்தப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு; துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதைத் தானாகக் கேட்காது, பள்ளிதான் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 தரும் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது.

இவை வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பள்ளியில் ஒன்று, கணக்கு நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கியது போன்ற காரணங்களால் பணம் திரும்பிப்போகிறது. ஆறாம் வகுப்பிலேயே ஆதார், பள்ளி, வங்கி மூன்றிலும் பெயரும் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கொரோனாவின் பாதிப்பு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்த பிள்ளை ஏதோ கற்றது. ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போன வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. 2020-ல் முதல் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளைகள் எழுத்தறிய வேண்டிய காலத்தை வீட்டிலேயே கழித்துவிட்டு, 2025-26-ல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். இல்லம் தேடிக் கல்வியில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை வேளையில் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள், செய்த வேலை மிகப் பெரியது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் சிறு வகுப்புகளுக்கு வந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் உயர் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள் என்றால், அவர்களுக்குத் தினம் அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது பாடத்தை முடிப்பதைவிட முக்கியம்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே படிப்பு ஏறாது என்று சில ஆசிரியர்களே சொல்கிறார்களே?

அது பொய். சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து கீரை விற்கும் பத்து வயதுப் பிள்ளை, மூன்று கட்டு, இரண்டரைக் கட்டு என்று மனக்கணக்கில் சில்லறை கொடுக்கிறது. அதே பிள்ளை வகுப்பில் தசமக் கணக்கில் திணறுகிறது என்றால், அந்தக் கணக்கை அது வராத நாளில் நடத்திவிட்டார்கள் என்று பொருள். பிள்ளையின் காதுபட இந்தப் பேச்சைப் பேசுவது பெரிய தீங்கு. வீட்டில் ஏற்கெனவே 'நம்ம தலையெழுத்து' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆசிரியரும் அதையே சொன்னால் நம்பிவிடும்.

ஆசிரியர்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கும் தொடக்கப்பள்ளிகள் ஏராளம். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் அன்று ஒருவர்தான். எமிஸில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே சட்டத்தின் கணக்கு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று மாறாமல் பின்தங்கிய பிள்ளையைத் தனியாகக் கவனி என்று சொல்வதில் பாதிதான் நடக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவால் என்ன செய்ய முடியும்? கையெழுத்துப் போடத்தானே கூப்பிடுகிறார்கள்?

கையெழுத்துப் போடுவதற்கு முன் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தலைவரும் ஒரு பெற்றோர்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் கடந்த மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். குழுவில் உள்ள அம்மாக்களுக்கு அந்தந்த வீட்டின் காரணம் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். தொடர்ந்து 30 வேலைநாள் வராத பிள்ளையைத்தான் பள்ளி செல்லாத பிள்ளையாகக் கணக்கில் எடுக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது பஸ் நேரம். பள்ளி நேரத்துக்கு ஒத்துவரும்படி ஒரு நடையை மாற்றித் தரச் சொல்லிக் குழுவின் தீர்மானத்தோடு அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு கொடுத்தால் பல ஊர்களில் நடந்திருக்கிறது.

பத்தாவதில் ஃபெயில் ஆகிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. அந்த ஆண்டே ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு எழுதித் தேறினால் ஆண்டு வீணாகாது, பதினொன்றிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். ஐ.டி.ஐ. வழியும் இருக்கிறது, சில ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளுக்கு 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடந்தன. அங்கேயே கல்லூரிச் சேர்க்கை கொடுத்தார்கள். முடிவு வந்த முதல் வாரத்தில்தான் பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வாரத்தில் வகுப்பாசிரியர் ஒரு போன் செய்தால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. நான் வெளியாள், தலையிடலாமா?

தலையிடுங்கள். முதலில் அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். 'ஏன் அனுப்பல' என்று கேட்காமல், 'என்ன கஷ்டம்' என்று கேளுங்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் நிறுத்தினார்கள் என்றால் அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்யலாம். வேலைக்கு அனுப்பியிருந்தால், வேலைக்கு வைத்தவர் மேல்தான் புகார் போகும், பொதுவாகக் குடும்பத்தின் மேல் போகாது என்று விளக்குங்கள். புகாருக்கு எண் 1098. உங்கள் பெயரை வெளியிடமாட்டார்கள்.

பிறகு ஹெச்.எம்.மைப் பார்த்து, பிள்ளையின் பெயரை நீக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை திரும்பி வரும் நாளில் வகுப்பில் எல்லார் முன்னாலும் ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விசாரணைக்குப் பயந்தே பல பிள்ளைகள் வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். விட்டுப்போன நோட்டை எழுதிக்கொடுக்க நன்றாக எழுதும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் வந்துவிட்டால், அதன் பிறகு பெரும்பாலும் தொடர்ந்து வருவார்கள்.